எலும்பைக் கையில் எடுக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மனித எலும்பைப் பற்றிக் கதைப்பது வெறும் பாடத்தைப் பற்றிய கதையாக இருப்பதில்லை. 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஓர் இராணுவச் சிப்பாய், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் அங்கே தோண்டியபோது 15 பேரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் அதே பக்கத்தில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை வேலைக்கு மண் வெட்டியபோது மறுபடியும் எலும்புகள் வெளியே வந்தன. அந்த ஆண்டு மே மாதம் தொடங்கிய அகழ்வில் 200க்கு மேற்பட்ட என்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன.

நான் மாணவர்களுக்கு எலும்பியல் சொல்லிக்கொடுப்பவன். செம்மணி வழக்கில் எனக்குப் பங்கு ஏதும் இல்லை. ஆனாலும் 2025க்குப் பிறகு மாணவர்களும் அயலவர்களும், காணாமல்போன தங்கள் பிள்ளையைத் தேடும் தாய்மாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெருகிவிட்டன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

"மனித எச்சம்" என்று ஏன் எழுதுகிறார்கள்? அந்தச் சொல் மனதை நோகடிக்கிறதே.

எனக்கும் நோகிறது. அரச அறிக்கைகளில் அந்தச் சொல் நிலைத்துவிட்டது, மாற்றுவது சுலபமில்லை. ஆனால் எங்கள் ஊர்ப்பேச்சில் எச்சம் என்றால் காகம் போட்டது. "என்புக்கூடு", "என்புத் தொகுதி" என்ற சொற்கள் பத்திரிகைகளில் வழக்கத்துக்கு வந்தது நல்லது. என் மேசையில் நான் "இவர்" என்றுதான் சொல்வேன். "இவருடைய இடது தொடை எலும்பை எடுத்துத் தாருங்கோ" என்று கேட்டால், எடுக்கிற கை தானாகவே மெதுவாகிறது. பதிவேட்டில் இலக்கம் மட்டும்தான் இருக்கும், பட்டப்பெயர் வைக்கக் கூடாது. கூட்டுக்குப் பெயர் சூட்டி விளையாடிய மாணவர்களை நான் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறேன்.

எலும்பைத் தொட்டால் துடக்கா? அன்றைக்குக் கோயிலுக்குப் போகலாமா?

ஒவ்வொரு புது வகுப்பிலும் யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி இதைக் கேட்பார். சிரித்துத் தட்டிவிடுகிற கேள்வி இல்லை இது. நான் படிக்கத் தொடங்கிய காலத்தில் அம்மா வாசலில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருப்பா. செத்தவீட்டால் வருகிறவர்கள் போலக் கால்முகம் கழுவிவிட்டுத்தான் நான் உள்ளே போவேன். அவவுக்கு அது நிம்மதி. எனக்கும், அன்றைய நாளை வாசலில் இறக்கி வைக்க அது உதவியது. உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள்.

ஆனால் ஒன்றை இறுக்கமாகச் சொல்கிறேன். மரியாதை என்று நினைத்து எலும்பின் மேல் திருநீறு, சந்தனம், மஞ்சள், எண்ணெய் எதையும் படவிடாதீர்கள். பூவும் வேண்டாம். எண்ணெயும் சாம்பலும் எலும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கினால் காலக்கணிப்பும் மரபணுப் பரிசோதனையும் கெடும். விளக்கு ஏற்ற வேண்டுமென்றால் ஆய்வுகூடத்துக்கு வெளியே ஏற்றலாம். வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பதற்கு எந்தச் சமயத்தவருக்கும் தடை இல்லை.

ஆய்வுகூடத்துக்கு எலும்புகள் எங்கிருந்து வருகின்றன?

மூன்று வழிகள். ஒவ்வொன்றுக்கும் எங்கள் கடமை வேறு.

முதலாவது, கற்பித்தலுக்கு. தன் உடலை மருத்துவ பீடத்துக்கு எழுதிவைத்தவர்கள் உண்டு. அவர்கள் தெரிந்து சம்மதித்துக் கொடுத்த கொடை அது. ஆனால் உலகெங்கும் மருத்துவ மாணவர் கையில் இருந்த பழைய என்புக்கூடுகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கல்கத்தாப் பக்கத்திலிருந்து, விலைக்குப் போனவை. 1985இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலைத் தமிழில் கற்பித்ததை நாங்கள் பெருமையோடு நினைக்கிறோம், நினைக்கவும் வேண்டும். அதே மூச்சில், எந்த எலும்பை வைத்துப் படித்தோம் என்றும் கேட்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, தொல்லியல். 1980இன் இறுதியில் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் தோண்டிய பெருங்கற்காலப் புதைகுழியில் என்புக்கூட்டோடு எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்றும் கிடைத்தது. முத்திரையை எல்லாரும் அறிவார்கள். அந்த மனிதரைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

மூன்றாவது, நீதிமன்றம். நீதவான் உத்தரவின் பேரில், சட்ட வைத்திய அதிகாரியின் பொறுப்பில் வருபவை. இவை சான்றுகள். இவற்றின் உரிமையாளர் ஆய்வாளர் இல்லை.

வளவில் கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது எலும்பு வந்தால்?

வேலையை நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், திரும்பப் புதைக்காதீர்கள். பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள், அவர்கள் நீதவானுக்கு அறிவிப்பார்கள். வெட்டிக் குவித்த மண்ணையும் அப்படியே விடுங்கள், அதற்குள் பல்லும் விரல் எலும்பும் இருக்கலாம். எலும்பு கிடந்த விதம், கை எந்தப் பக்கம், முகம் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பவற்றை ஒருமுறை குலைத்தால் பிறகு எந்த ஆய்வுகூடத்தாலும் மீட்க முடியாது. ஆட்டெலும்பாக இருந்தால் இருக்கட்டும். பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

எலும்பை எப்படித் தூக்க வேண்டும்?

இரண்டு கையாலும், மேசைக்கு மேலேயே, உட்கார்ந்தபடி. மேசையில் பஞ்சணையோ தடித்த துணியோ விரித்திருக்க வேண்டும். மண்டையோட்டைக் கண்குழிக்குள் விரலை விட்டோ கன்ன எலும்பின் வளைவில் பிடித்தோ தூக்கக் கூடாது. முகத்தின் உட்பக்க எலும்புகள் கடதாசியை விட மெல்லியவை. ஒரு உள்ளங்கை அடியில், மறு கை பக்கத்தில். கீழே வைக்கும்போது உருளாமல் துணிச்சும்மாடு ஒன்றின் மேல் வையுங்கள். அந்தக் காலத்தில் தலையில் குடம் வைக்கச் சுருட்டிய அதே சும்மாடுதான், இதைவிடப் பொருத்தமான சாமான் கடையில் கிடையாது. கீழ்த்தாடையை மண்டையோட்டோடு பொருத்தித் தட்டிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள், பற்கள் உடையும்.

எழுதுவதற்குப் பென்சில். பேனை மேசைக்கு வரவே கூடாது. தேநீர், சாப்பாடு, கைத்தொலைபேசி எல்லாம் வெளியே. மரபணு எடுக்கவிருக்கும் எலும்பென்றால் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், ஒருவரை முடித்து மற்றவரைத் தொடுமுன் கையுறையை மாற்ற வேண்டும். எங்கள் தும்மலில் இருக்கும் மரபணு அவர்களிடம் எஞ்சியிருப்பதை விட அதிகம்.

கழுவலாமா? வெயிலில் காய வைக்கலாமா?

எல்லாவற்றையும் கழுவ வேண்டியதில்லை. திடமான எலும்பை மென்தூரிகையால் தட்டி, தேவைப்பட்டால் கொஞ்சம் சுத்தமான தண்ணீரில் ஈரப்படுத்தி மண்ணை எடுக்கலாம். ஊறப்போடக் கூடாது. சவர்க்காரம், வெளிற்றும் தூள் எதுவும் கூடாது. நொருங்கும் எலும்பைக் காய்ந்தபடியே துலக்குங்கள். உடை ஒட்டியிருந்தாலோ, தலைமயிர் இருந்தாலோ, காயம் போல ஏதும் தெரிந்தாலோ கழுவுவதற்கு முன் படமெடுத்துப் பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள். மண்டையோட்டுக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், நுண்ணிய அரிதட்டில் அரியுங்கள். காதுக்குள் இருக்கும் மூன்று சிற்றெலும்புகளும் அரிசி மணியை விடப் பெரிதில்லை, அவையும் அந்த மனிதரின் பாகம்.

காய வைப்பது நிழலில், வலைத்தட்டில். எங்கள் குடாநாட்டில் இதற்கென்றே ஒரு தலையிடி உண்டு. சோளகம் அடிக்கும் மாதங்களில் ஈர எலும்பு கடகடவென்று காய்ந்து வெடிக்கும். கார்த்திகை, மார்கழி மாரியில் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கடல்நீரேரி ஓரத்து உப்பேறிய மண்ணிலிருந்து வந்ததென்றால் காயும்போது உப்பு மணிகட்டி மேற்பரப்பைச் செதில் செதிலாக உரித்துவிடும். ஆகவே மெதுவாக, தினமும் பார்த்துப் பார்த்துக் காயவைக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு பதிவு? ஒரு பெட்டிக்கு எத்தனை கையெழுத்து!

வளர்ந்தவரிடம் 206 எலும்புகள். அவற்றில் 106, பாதிக்கு மேல், இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும் இருக்கின்றன. சிறியவை, ஒன்றைப் போல ஒன்று தோற்றமளிப்பவை. நான் பயின்ற ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு பெட்டிகளை ஒரே மேசையில் திறந்து வைத்தோம். மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது மணிக்கட்டு எலும்பு ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. மூன்று நாள் நின்று பொருத்திப் பார்த்தோம், தீர்க்க முடியவில்லை. கடைசியில் "யாருடையதென்று தெரியாது" என்று எழுதித் தனிப்பையில் போட்டோம். அந்தப் பை இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. கற்பித்தல் எலும்பென்பதால் வழக்கு ஏதும் கெடவில்லை. வழக்கெலும்பாக இருந்திருந்தால்?

அதனால் ஒரு மேசையில் ஒருவருடைய எலும்புகள் மட்டும். பெட்டிக்கு வெளியே ஒரு சிட்டை, உள்ளே ஒரு சிட்டை. திறந்தவர், மூடியவர், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எத்தனை மணிக்கு, எத்தனை துண்டுகள் என்று எல்லாம் எழுதப்பட வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இந்த இடத்தைத்தான்.

எலும்பு என்னென்ன சொல்லும்?

குழந்தையின் வயதை நன்றாகச் சொல்லும், முதியவரின் வயதைச் சுமாராகத்தான். பற்கள் முளைக்கும் ஒழுங்கு நம்பகமானது: முதலாவது நிரந்தரக் கடைவாய்ப்பல் ஏறக்குறைய ஆறு வயதில் வரும். வளர்பருவத்தில் எலும்பு நுனிகள் ஒவ்வொன்றாக ஒட்டும். கழுத்தடியில் இருக்கும் காறை எலும்பின் நெஞ்சுப்பக்க நுனி கடைசியில், இருபதுகளின் பிற்பகுதியில் ஒட்டி முடியும். அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்து "35க்கும் 50க்கும் இடையில்" என்பது போலத்தான் சொல்லலாம். ஒரே இலக்கத்தில் வயது எழுதியிருக்கும் அறிக்கையை நம்பாதீர்கள்.

ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்பு. அது முழுதாக இருந்தால் பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் சரிவரும். பருவமடையாத பிள்ளையின் எலும்பை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. உயரத்தைத் தொடை எலும்பிலிருந்து கணிக்கலாம், சில சென்டிமீற்றர் கூடக் குறைய. பாடப்புத்தகச் சூத்திரங்கள் பல அமெரிக்கரை அளந்து ஆக்கப்பட்டவை, எங்கள் ஆட்களுக்கு அப்படியே பொருந்தாது.

காயத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். உயிரோடிருந்தபோது முறிந்து ஆறத் தொடங்கிய எலும்பில் முனைகள் மழுங்கிப் புது எலும்பு படர்ந்திருக்கும். இறந்த வேளையில் முறிந்ததில் ஆறிய தடயம் இராது, விளிம்பு கூராகவும் சுற்றியுள்ள எலும்பின் நிறத்திலும் இருக்கும். மண்வெட்டி பட்டோ பெட்டிக்குள்ளோ பிறகு உடைந்ததில் உடைந்த முகம் வெளிறியிருக்கும். முதலாவது அவருடைய வாழ்க்கை, இரண்டாவது அவருடைய சாவோடு சம்பந்தப்படலாம், மூன்றாவது எங்கள் கவனயீனம். மூன்றாவதை மறைக்காமல் எழுதுவது ஆய்வாளரின் கடமை. காயம் இல்லையென்பதால் கொலை இல்லையென்றும் ஆகாது. கழுத்தை நெரித்தால், தசையை மட்டும் துளைத்தால், எலும்பு சாட்சி சொல்லாமல் போகலாம்.

மண்டையோட்டைப் பார்த்துத் தமிழரா சிங்களவரா என்று சொல்ல முடியுமா?

முடியாது. சொல்ல முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவரோடு எலும்பைப் பற்றி மேற்கொண்டு பேசாதீர்கள். மொழியும் சமயமும் எலும்பில் பதிவதில்லை. மண்டையோடுகளை அளந்து மனிதரைத் தரம்பிரித்த ஒரு காலம் இருந்தது. அதற்காகத்தான் எங்கள் தீவிலிருந்து பழங்குடியினரான வேடரின் மண்டையோடுகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அவற்றில் ஒன்பதை எடின்பரோ பல்கலைக்கழகம் 2019இல் திருப்பிக் கொடுத்தது. வேடர் தலைவரே அங்கே போய்ப் பெற்றுக்கொண்டார்.

பழைய எலும்பா அண்மைய எலும்பா என்று எப்படித் தெரியும்?

நிறத்தையும் பாரத்தையும் பார்த்துச் சொல்வது ஆபத்து. மண் எலும்பை ஏமாற்றுத் தோற்றத்துக்குக் கொண்டுபோய்விடும். கூடக் கிடந்த பொருள்களும் மண் அடுக்கும் முதல் சாட்சி. பிறகு கதிரியக்கக் கரிமக் கணிப்பு, அதாவது எலும்பில் உள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவை வைத்துக் காலத்தைக் கணிப்பது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் அந்தக் கரிமத்தைக் கூட்டிவிட்டதால், அதற்குப் பின் வாழ்ந்தவரைப் பெரும்பாலும் பிரித்தறியலாம். கடலுணவு நிறைய உண்டவரின் எலும்பு உண்மையை விடப் பழையதாகக் காட்டும். எங்கள் கரையோர மக்களுக்கு அந்தத் திருத்தம் அவசியம்.

மன்னாரில் 2018இல் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் வளவில் 300க்கு மேற்பட்டோரின் எலும்புகள் எடுக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2019 மார்ச்சில் அவை பல நூற்றாண்டு பழையவை என்று முடிவு வந்தது. உறவுகளைத் தேடிய குடும்பங்களுக்கு அது இடியாக இறங்கியது, சந்தேகங்களும் எழுந்தன. நான் அதில் கற்றது ஒன்று: எந்த எலும்பை, ஏன், எத்தனை மாதிரி எடுக்கிறோம், அந்த முடிவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அனுப்புமுன்பே குடும்பங்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். முடிவு வந்தபிறகு விளங்கப்படுத்தினால் சமாதானம் சொல்வது போலத்தான் கேட்கும்.

எல்லாருக்கும் உடனே மரபணுப் பரிசோதனை செய்தால் என்ன?

அதற்கு எலும்பை அரைக்க வேண்டும். எடுத்த துண்டு திரும்பி வராது. ஆகவே முதலில் அளந்து, படமெடுத்து, முடிந்தால் சிடி ஸ்கேனும் எடுத்துவிட்டு, உட்காதைச் சூழ்ந்த கடின எலும்பிலிருந்தோ பழுதில்லாத பல்லிலிருந்தோ மிகக் குறைந்த அளவு எடுப்பார்கள்.

அதை ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். இங்கேதான் அறம் சிக்கலாகிறது. இரத்தமோ எச்சிலோ கொடுக்கும் தாயிடம், அது எங்கே வைக்கப்படும், யார் பார்க்கலாம், வேறு எதற்கும் பயன்படுமா, விரும்பினால் திரும்பப் பெறலாமா என்று அவர் மொழியில் சொல்லி அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். பரிசோதனையில் தந்தை வழி பற்றிய குடும்ப இரகசியம் வெளிப்படவும் கூடும். அதைத் தேடிப் போகமாட்டோம், தெரிந்தாலும் வெளியிடமாட்டோம் என்று முன்கூட்டியே உறுதி கொடுக்க வேண்டும். இந்த விளக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் போகும். போகட்டும்.

படம் எடுத்து முகநூலில் போடலாமா? மக்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா?

ஆய்வுகூடப் படங்கள் பதிவுக்கு மட்டும். உண்மை தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, அகழ்வைப் பத்திரிகையாளர் பார்க்க இடம் கொடுப்பது நல்லது. ஆனால் ஒரு தாய் தன் பிள்ளையின் மண்டையோட்டைக் கைத்தொலைபேசியில், யாரோ பகிர்ந்த பதிவில், முதன்முதலாகப் பார்க்கக் கூடாது. அவருக்கு முதலில் ஓர் ஆள் நேரில் சொல்ல வேண்டும்.

உறவினர் வந்து பார்க்கலாமா?

நீதிமன்றம் அனுமதித்தால். 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி செம்மணியில் எடுக்கப்பட்ட உடைகளும் பொருள்களும் மக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்த அகழ்வில் சிறுபிள்ளையின் நீலப் பாடசாலைப் பையும் பொம்மையும் கிடைத்திருந்தன. ஒரு உடையைப் பார்த்து "இது என்ர பிள்ளையின்ர" என்று சொல்வது முக்கியமான தடயம்தான், ஆனால் அதுவே அடையாள உறுதி ஆகாது. அதே சட்டையை நூறு பேர் போட்டிருப்பார்கள். ஆய்வாளர் வாயிலிருந்து "இருக்கலாம்" என்ற சொல் அந்த நேரத்தில் வரக் கூடாது. அம்மாவின் காதில் அது "இருக்கிறது" என்றுதான் விழும். இருப்பதற்குக் கதிரை, குடிக்கத் தண்ணீர், பக்கத்தில் ஒரு ஆள் இவை இல்லாமல் யாரையும் அழைக்காதீர்கள்.

இரண்டாயிரம் ஆண்டு பழைய எலும்புக்கும் இதே மரியாதையா?

ஆம். 1989இல் உலகத் தொல்லியல் மாநாட்டினர் வேர்மிலியன் உடன்பாடு என்று ஒன்றை ஏற்றார்கள். இறந்தவரின் எலும்புக்கு, எந்த இனம், எந்தக் காலம் என்று பாராமல் மரியாதை, இறந்தவரின் விருப்பத்துக்கும் அந்த இடத்து மக்களின் விருப்பத்துக்கும் மதிப்பு, ஆய்வின் பெறுமதிக்கும் மதிப்பு. இவை மோதும்போது பேசித் தீர்க்க வேண்டும் என்பதே அதன் சாரம். காட்சிக்கு வைப்பதென்றால் ஊர்ச்சனத்தைக் கேட்டு வையுங்கள்.

டொக்டராக இருந்த மாமாவின் பெட்டியில் பழைய "எலும்பு செட்" இருக்கிறது. என்ன செய்வது?

விற்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள், இரவோடு இரவாகப் புதைக்காதீர்கள். பிறகு யாரோ தோண்டியெடுத்து ஊரே பதறும். மருத்துவ பீடத்து உடற்கூற்றியல் துறையோடு கதைத்து, யாரிடம் எப்போது வாங்கியது என்று தெரிந்ததை எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள்.

ஆய்வு முடிந்தபின் எங்கே போவார்கள்? யாரும் உரிமை கோராதவர்களை முறைப்படி தகனம் செய்துவிடலாமே?

அடையாளம் காணப்பட்டவர், நீதிமன்றம் விடுவித்ததும் குடும்பத்திடம் போவார். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு எலும்பையும் எண்ணிக் காட்ட வேண்டும். மரபணுவுக்கு எடுத்த துண்டையும் சொல்ல வேண்டும். பிறகு எரிப்பதோ புதைப்பதோ அவர்கள் முடிவு.

அடையாளம் தெரியாதவரை எரிக்கக் கூடாது. எங்கள் வழக்கப்படி எரிப்பதுதான் கடன் என்பது எனக்குத் தெரியும், சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நெருப்பில் மரபணு அழிந்துவிடும், அவரைத் தேடி வரும் வழி அதோடு அடைபடும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, நீர் ஏறாத மேட்டு நிலத்தில் புதைக்க வேண்டும். இலக்கம் வெட்டிய துருப்பிடிக்காத தகடு ஒன்று எலும்போடு, ஒன்று குழியின் மேல். அதே இலக்கம் நீதிமன்றப் பதிவேட்டில். பத்து வருடம் கழித்து ஒரு தங்கச்சி வந்து மாதிரி கொடுத்துப் பொருந்தினால், அந்த ஒரு குழியை மட்டும் திறந்து அவரை எடுத்துக் கொடுக்கலாம். அந்தியேட்டியைக் கீரிமலையில் அவள் செய்துகொள்வாள்.